சேனைக்கண்டம் இரும்புப் பாலத்தைப் பயன்பாட்டிலிருந்து காப்பாற்றிய வரலாறு

2024 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து மணிக்கு, நற்பிட்டிமுனைப் பாடசாலை மண்டபமொன்றில், அரசாங்க அலுவலகங்கள் மேசை போட்டுப் பொதுமக்களின் கோரிக்கைகளைக் கேட்ட நடமாடும் சேவையில், அதே ஊரைச் சேர்ந்த றாஹிலா என்னும் விதவைப் பெண் பாலத்துக்கு ஒரு பலகை கேட்டார். அவர் வேறொன்றும் கேட்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது ஒழுங்கு. பின்னர் அவருக்கு வழங்கப்பட்டவை பலவாயினும், அவற்றுள் பலகை இருக்கவில்லை.

நிலைமை வருமாறு இருந்தது. ஊருக்கு மேற்கே ஆற்றைக் கடந்து சேனைக்கண்டம் என்னும் வயல்வெளிக்குச் செல்ல ஓர் இரும்புப் பாலம் உண்டு. இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து இருபுறமும் உயர்த்தி, நடுவில் மரப்பலகை பரப்பிய பாலம் அது. மேற்குக் கரையோரப் பலகைகளுள் ஒன்று உக்கி உடைந்துவிட்டது. வேளாண்மை வெட்டும் மெசினின் சாரதி அந்த ஓட்டையைக் கண்டு, பலகை போடும்வரை வரமாட்டேன் என்று கூறித் திரும்பிப் போனான். கண்டத்துக்குச் செல்லும் மற்றப் பாதை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. மற்றவர்களின் வயல்கள் முற்ற இன்னும் நாளிருந்தது; றாஹிலாவின் இரண்டு ஏக்கர் வேளாண்மையோ முற்றித் தலை சாய்த்து நின்றது. அந்த நெல்லை அவர் விற்பதில்லை. வீட்டின் வருடச் சாப்பாடும், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு அவருடைய குடும்பம் கொடுத்துவரும் அரிசியும் அந்த வயலிலிருந்தே வந்தன. நோன்புக்கு இன்னும் ஏழு வாரங்களே இருந்தன.

பலகை மாற்றுவது முன்னெல்லாம் வயற்காரரின் வேலையாகவே இருந்தது. பெரும்போக விதைப்புக்கு முன்னர் கூடும் கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவுக்கு நாள் குறிப்பதைப் போலவே, பாலத்துக்கு எண்ணெய் பூசவும் நாள் குறிப்பது அக்கண்டத்தின் வழமை. கரையில் தோணிகளுக்குப் பூசி மிஞ்சிய மீன் எண்ணெயையும் உழவு மெசின்களிலிருந்து வடித்த கழிவெண்ணெயையும் கலந்து, சட்டம் சட்டமாக எல்லோரும் பூசுவர். அதன் மணம் இரண்டு கிழமைக்கு நீங்காது. பாலமும் நின்றது. ஆனால் முந்திய ஆண்டு ஓர் உத்தியோகத்தர் வந்து, அரசாங்கச் சொத்தில் அனுமதியின்றி ஆணி அடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என எச்சரித்துச் சென்றிருந்தார். ஆகவே இம்முறை சட்டப்படி நடப்போம் என்று வயற்காரர் தீர்மானித்தனர். அது முதலாவது பிழை.

இரண்டாவது பிழையைச் செய்தவர் தங்கராசா. சவளக்கடையைச் சேர்ந்த இவர், கண்டத்தின் தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை.

"வெறும் பலகை எண்டு கேட்டா ஒருத்தனும் தலை நிமித்திப் பாக்கமாட்டான், தங்கச்சி" என்று அவர் றாஹிலாவுக்கு மண்டப வாசலில் வைத்துச் சொன்னார். "வெள்ளக்காரன்ட காலத்துப் பாலம் எண்டு ஒரு சொல்லுச் சேத்து விடுங்க. அப்பதான் கதைக்கு ஒரு கனம் இரிக்கும்."

"அது வெள்ளக்காரன் கட்டினதா அண்ணன்?"

"நாம கட்டல்ல. நம்மட அப்பன்மாரும் கட்டல்ல. அப்ப வேற ஆரு?"

கிணறு, மாமரம், காணி வழக்கு ஆகியவற்றுக்கு வயதைக் கூட்டிச் சொல்வது எங்கள் பகுதியில் பொய்யாகக் கருதப்படுவதில்லை, மரியாதையாகக் கருதப்படுகிறது. றாஹிலாவும் அந்த மரியாதையைப் பாலத்துக்குச் செய்தார். வீதிகளுக்குப் பொறுப்பான மேசையில் இருந்தவர் அவருடைய கோரிக்கையைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில், காலை தொடக்கம் ஒருவரும் வராமையால் தினசரி வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் தலையை உயர்த்தினார். அவர் தொன்மை இரும்புக் கட்டமைப்புகள் பேணற்சபையின் உதவிப் பணிப்பாளர் மீராசா. அச்சபை அமைக்கப்பட்டு மூன்று வருடங்கள் ஆகியும், பேணுவதற்கு இரும்பு எதுவும் அதற்குக் கிடைத்திருக்கவில்லை.

"ராத்தா, என்ன சொன்ன நீங்க? ஆர்ர காலம்?" என்று அவர் அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"வெள்ளக்காரன்ட காலம், தம்பி."

மீராசா எழுந்து நின்றார். "ராத்தா, நீங்க கேட்டது பலக. உங்களுக்குக் கிடைக்கப் போறது கௌரவம்."

"எனக்குக் கௌரவம் வேணா. பலகதான் வேணும்."

"ரெண்டும் சேந்து கிடைக்காது" என்றார் மீராசா. இந்த வரலாற்றில் சபையின் சார்பில் கூறப்பட்ட ஒரே உண்மை இதுவே.

அந்த வார இறுதிக்குள் பாலத்தின் இரு முனைகளிலும் சங்கிலி கட்டப்பட்டது. கிழக்கு முனையில் அறிவித்தற் பலகையொன்று நாட்டப்பட்டது. "இச்சொத்து பாதுகாக்கப்பட்டுள்ளது. இதனைப் பாலமாகப் பயன்படுத்துவோர் சட்ட நடவடிக்கைக்கு உள்ளாவர்" என்று அதில் எழுதப்பட்டிருந்தது. உடைந்த இடம் அளக்கப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, இலக்கமிடப்பட்டது. அதனைச் சுற்றிப் பித்தளைக் கம்பங்கள் நிறுத்திச் சிவப்புக் கயிறு கட்டினர். றாஹிலா சங்கிலிக்கு வெளியே நின்று இதனைப் பார்த்தார்.

"ஓட்டயச் சுத்திக் கயிறு கட்டினது நல்லம் தம்பி. ஆரும் விழமாட்டாங்க."

"அதுக்கில்ல ராத்தா. ஆரும் அத அடைச்சிரக் கூடாது எண்டுதான்."

இனிப் பாலத்தின் வயது. அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. நூறு வருடம் நிறையாத இரும்பைப் பேணச் சபைக்கு அதிகாரம் இல்லை. எனவே சபையின் வரலாற்று உபகுழு கூடி வாக்கெடுப்பு நடத்தியது. பாலம் நூற்றியொரு வருடங்களுக்கு முன்னர் கட்டப்பட்டது எனப் பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவரே. அவர் நூற்றியிரண்டு என்று கோரியவர்.

வரலாறு நிறைவேறியதும் துப்புரவு தொடங்கியது. பாலத்தின் மீது படிந்திருந்த எண்ணெய், மூல நிலைக்குப் புறம்பான அந்நியப் பொருள் என்று சபையின் தவிசாளர் தீர்மானித்தார். தலைநகரிலிருந்து வந்திருந்த அவர், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இத்தீர்மானத்தை எடுத்தார். கூலியாட்கள் சவர்க்கார நீரும் தும்புத் தூரிகையும் கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பூசப்பட்ட எண்ணெயை இரும்பு தெரியும்வரை தேய்த்துக் கழுவினர். அது தை மாதத்து ஈரக்காற்று வீசும் காலம். கடலும் தொலைவில் இல்லை. சில நாட்களில் பாலம் செம்மஞ்சளாயிற்று.

"நரை விழுந்த தலைக்கு நாம் சாயம் பூசுவதில்லை" என்று தவிசாளர் தம் அலுவலர்களுக்கு விளக்கினார். "துரு என்பது இரும்பின் நரை. அதற்குத் தலை வணங்குவோம்." இதனைச் சொன்னவரின் தலைமயிர் மையினும் கறுப்பாக இருந்தது.

பெப்ரவரி முதலாம் வாரத்தில் பயனாளர் கலந்துரையாடல் நடைபெற்றது. பாலத்தைப் பயன்படுத்துவது தடுக்கப்பட்டிருந்தமையால் சட்டத்தின்படி அதற்குப் பயனாளர் எவரும் இலர். ஆகவே எவருக்கும் அழைப்பு அனுப்பப்படவில்லை. றாஹிலாவும் தங்கராசாவும் தாமாகவே சென்றனர். வாசலில் நெடுநேர ஆலோசனைக்குப் பின்னர், 'முன்னாள் பயனாளர்' என்னும் தகுதியில் கடைசி வரிசையில் அமர அனுமதிக்கப்பட்டனர். 'ஏனைய விடயங்கள்' வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

தவிசாளர் உரையாற்றினார். "ஒரு பாலத்தின் மிகப் பெரிய எதிரி யார்? வெள்ளமா? இல்லை. துருவா? இல்லை. அதைக் கடப்பவன்! ஒருவரும் கடக்காத பாலம் தேய்ந்ததாக உலக வரலாற்றில் எங்கேனும் உண்டா? நூற்றியொரு வருடங்களாக இந்தப் பாலம் மாட்டு வண்டிகளையும் மெசின்களையும் மனிதர்களையும் சகித்தது. அதற்கு ஓய்வு கொடுக்க ஒருவரேனும் முன்வந்தாரா? நாம் வந்தோம். மக்களுக்குப் பாலங்கள் தேவை என்கிறார்கள். பாலங்களுக்கு மக்கள் தேவையா என்று எவராவது கேட்டதுண்டா?"

கைதட்டல் ஓய்ந்ததும் 'ஏனைய விடயங்கள்' வந்தது. றாஹிலா எழுந்தார்.

"ஐயா, எண்ட வெள்ளாம சாஞ்சி கிடக்கு. ஒரு மழ பெஞ்சாப் போதும், கதிரிலயே முளைச்சிரும். ஒரு நாளைக்கு மட்டும் அந்தச் சங்கிலியக் கழட்டுங்க. நாங்களே பலகயப் போட்டு, வெட்டி எடுத்துக்கு வந்திர்றம்."

தவிசாளர் பரிவோடு சிரித்தார். "அம்மா, நெல் வருடத்துக்கு இரு முறை விளையும். இப்பாலம் மறுபடி விளையுமா?"

"விளையாது ஐயா. ஆனா நாங்க பாலத்தத் திண்டு சீவிக்கல்ல."

பாலம் உண்ணத்தக்கதன்று என முன்னாள் பயனாளர் ஏற்றுக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டது.

தங்கராசா எழுந்தார். "பாலம் வேணாம் ஐயா. தோணியில ஏத்தி இறக்குறம். அதுக்காவது விடுங்க."

பாலத்துக்கு மேலும் கீழும் கூப்பிடு தூரம்வரை ஆறு 'காட்சி வலயம்' எனப் பிரகடனப்படுத்தப்பட்டிருப்பதாகவும், அங்கு தோணி தென்பட்டால் பாலம் தேவையற்றது என்னும் எண்ணம் பார்வையாளருக்கு உண்டாகும் என்றும் மீராசா விளக்கினார். அவ்வலயத்துக்கு அப்பால் ஆறு முழுவதும் ஆற்றுவாழைக் களை அடர்ந்து, தோணி நுழைய வழியில்லாமல் கிடந்தது.

வெளியே வந்ததும் தங்கராசா சொன்னார்: "என்ட வாயாலதான் கெட்டம், தங்கச்சி."

"ஓம், ஒங்கட வாய்தான்" என்றார் றாஹிலா. "மறுகா அந்த வாய வெச்சி வேற வழி ஒண்டு சொல்லுங்க."

வழியைச் சபையே கொண்டுவந்தது. பெப்ரவரி 10 ஆம் திகதி சனிக்கிழமை, பாலத்தை மரபுரிமைச் சொத்தாக நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய தினங்களுள் ஒன்றில் மீராசா றாஹிலாவின் வீட்டுக்கு நேரில் வந்து, கதிரையின் நுனியில் அமர்ந்தார்.

"ராத்தா, ஒரு உதவி. விழாவில 'முன்னோர் பாலம் கடத்தல்' எண்டு ஒரு காட்சி இரிக்கி. ஒரு இருவது வயக்காரர் வேணும். சாரனும் தலப்பாவுமா, தாக்கத்தியோட பாலத்தால அங்கால போய், நெல்லுச் சாக்கத் தூக்கிக்கு இங்கால வரணும். பிரதம அதிதி முன்னுக்கு இரிந்து பாப்பார்."

"நெல்லுச் சாக்கு?"

"நெல்லு இல்ல, மரத்தூள். நெல்லு பாலத்துக்குப் பாரம்."

வேளாண்மை அரியும் தாக்கத்திகளும் மரத்தாலானவையா என்று றாஹிலா கேட்டார்.

"இல்ல, இல்ல. தாக்கத்தி அசல்தான். படத்தில மினுங்கணும்."

றாஹிலா இறப்பில் செருகியிருந்த தம் தாக்கத்தியை எடுத்துக் கூர் பார்த்தார். பின்னர், "இருவது என்னத்துக்குத் தம்பி? நாப்பது பேரக் கொண்டாறன். பழைய காலத்தில ஆக்கள் கூடத்தானே" என்றார். மீராசாவின் கண்கள் கலங்கின. சபையின் மூன்று வருட வாழ்க்கையில் பொதுமக்கள் முதன்முறையாக ஒத்துழைத்திருந்தனர்.

விழா நாளில் கரை சேறாக இருந்தமையால் மேடை பாலத்தின் மீதே அமைக்கப்பட்டது. கதிரைகள், ஒலிபெருக்கிகள், ஜெனரேட்டர், அதிதிகள், அதிதிகளின் பாதுகாவலர், சிற்றுண்டி மேசை ஆகிய யாவும் பாலத்தின் கிழக்குப் பாதியில் ஏற்றப்பட்டன. குர்ஆன் கிறாஅத்தும் தேவாரமும் முறைப்படி ஓதப்பட்டன. பிரதம அதிதி, தாம் சிறு வயதில் இப்பாலத்தின் வழியே பாடசாலைக்குச் சென்றதை நினைவுகூர்ந்தார். அவர் பிறந்து வளர்ந்தது மலைநாட்டில் என்பதைத் தவிசாளரின் வரவேற்புரை சற்று முன்னர்தான் தெரிவித்திருந்தது.

அறிவிப்பாளர் அழைத்ததும் முன்னோர் நாற்பதின்மர் வந்தனர். தலைப்பாகையுடன் தங்கராசா முன்னால் நடந்தார். பெண்களோடு றாஹிலா பின்னால் சென்றார். மேடையைத் தாண்டி, சிவப்புக் கயிறு கட்டிய ஓட்டையைச் சுற்றி, மேற்குக் கரையில் இறங்கினர். அங்கே மரத்தூள் சாக்குகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றைத்தானும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே வரம்பில் ஏறி, வயலுக்குள் இறங்கி, குனிந்து வெட்டத் தொடங்கினர்.

"இதோ, எமது முன்னோர் அறுவடை செய்யும் காட்சி! எவ்வளவு தத்ரூபம்!" என்றார் அறிவிப்பாளர்.

அரை மணி நேரம் தத்ரூபமாகவே சென்றது. பின்னர் பிரதம அதிதி தவிசாளரின் காதில், முன்னோர் எப்போது திரும்புவர் என்று வினவினார். முன்னோர் திரும்புவதாக இல்லை. அதிதிகள் சிற்றுண்டியை உண்டு, பின்னர் பகலுணவையும் உண்டு, நினைவுச் சின்னங்களோடு வாகனமேறினர். பிற்பகல் அஸர் தொழுகை நேரமளவில் இரண்டு ஏக்கரும் வெட்டி முடிந்தது. நெற்கட்டுகள் மேற்குக் கரையில் பாலத்தின் முனையோரம் சூடு என்னும் நெற்போராகக் குவிக்கப்பட்டன. றாஹிலா ஒரு கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதலாவதாகப் பாலத்தில் கால் வைத்தார்.

எதிரே தவிசாளரும் மீராசாவும் பொலிசார் இருவரும் நின்றனர்.

"அம்மா, அது மரத்தூளா?"

"நெல்லு ஐயா."

"நிகழ்ச்சி நிரலில் மரத்தூள் என்றே உள்ளது."

"இந்தா, மேடய ஏத்தினீங்க. கதிரய ஏத்தினீங்க. ஜெனரேட்டர ஏத்தினீங்க. அதெல்லாத்தையும் தாங்கின பாலம் ஒரு தலக்கட்டு நெல்லத் தாங்காதா?"

தவிசாளர் பொறுமையாகப் பதிலளித்தார். "நீங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. கதிரைகள் பாலத்தைக் கௌரவிக்க வந்தவை. உங்கள் நெல் பாலத்தைக் கடக்க வந்திருக்கிறது. பாரம் எமக்குப் பொருட்டே அன்று. நோக்கமே பொருட்டு."

"அப்ப நாங்க கடக்கல்ல ஐயா" என்று பின்னாலிருந்து தங்கராசா குரல் கொடுத்தார். "நெல்லத் தலையில வைச்சிக்கொண்டு, பாலத்தக் கௌரவிச்சுக் கௌரவிச்சே அந்தப் பக்கம் வந்து சேருறம்."

வெட்டியவர்கள் சிரித்தனர். தவிசாளர் சிரிக்கவில்லை. இக்கோரிக்கைக்கு விதிகளில் இடமுண்டா என்று மீராசாவிடம் உண்மையாகவே கேட்டார். கௌரவிப்பதற்கு அழைப்பிதழ் அவசியம் என்று மீராசா தெரிவித்தார். முன்னோருக்கு அழைப்பிதழ் அச்சிடப்படவில்லை.

"தம்பி" என்று றாஹிலா மீராசாவை நோக்கிச் சொன்னார். "நீயும் கஞ்சி குடிச்சி நோம்பு துறக்கிற புள்ளதானே? இது பள்ளிக் கஞ்சிக்குப் போற நெல்லு, மகன்."

மீராசா தம் சப்பாத்தைப் பார்த்தார். "ராத்தா, நான் தனி மனுசனா இரிந்தா விட்டிரிப்பன். நான் இப்ப சபை" என்றார்.

வெறுங்கையோடு ஒவ்வொருவராகத் திரும்பலாம் என அனுமதி வழங்கப்பட்டது. நெற்கட்டுகள் கரையிலேயே கிடந்தன. மறுநாட் காலையில் பத்திரிகைகளில் விழாப் படங்கள் வெளிவந்தன. நெற்சூட்டின் பின்னணியில் பாலம் நின்ற படத்தைப் பிரதம அதிதி தொலைபேசியில் பாராட்டினார். நண்பகலுக்குள் சூட்டைச் சுற்றி வேலி அடிக்கப்பட்டு, பொலிஸ் காவல் போடப்பட்டு, 'பாரம்பரிய நெற்சூடு: தொடாதீர்' என்னும் அறிவித்தல் நாட்டப்பட்டது. ஆற்றுக்கு இப்பால் நின்று றாஹிலா கத்தினார்.

"அது எண்ட நெல்லு!"

"இப்ப நாட்டுட நெல்லு, ராத்தா" என்று அப்பாலிருந்து மீராசா பதில் சொன்னார்.

வானம் இருண்டபோது, சூட்டை மூடுவதற்குத் தறப்பாள் ஒன்றைத் தங்கராசா கொண்டுவந்தார். தறப்பாள் நீல நிறத்தில் இருந்தமையாலும், நூற்றியொரு வருடங்களுக்கு முன்னர் அத்தகைய பொருள் பாவனையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லாமையாலும், அது திருப்பி அனுப்பப்பட்டது. அன்று பிற்பகல் தொடங்கிய மழை ஒரு வாரம் பெய்தது.

மார்ச் மாதம் 6 ஆம் திகதி புதன்கிழமை நடைபெற்ற சபைக் கூட்டத்தில் இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டவற்றை இனிச் சொல்ல வேண்டும்.

கழுவப்பட்ட பின்னர் துரு மூட்டுகளை அரித்துவிட்டமையால், பாலத்தை அது நிற்கும் இடத்தில் வைத்துப் பேண இயலாது எனப் பொறியியலாளர் அறிக்கையிட்டார். எனவே பாலம் கழற்றப்பட்டு, அதன் பாகங்கள் தலைநகரிலுள்ள மண்டபமொன்றில் பொதுமக்கள் பிரவேசிக்காதவாறு வைக்கப்படும். புதிய பாலம் அமைப்பது சபையின் கடமை அன்று. சபையின் சட்டம் பழைய பாலங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வீதிகளுக்குப் பொறுப்பான திணைக்களமோ, அவ்விடத்தில் பேணப்பட்ட பாலம் ஒன்று இருப்பதாக அரசாங்க வர்த்தமானியில் பிரசுரமாகியுள்ளமையால் இன்னொன்றுக்கு இடமில்லை என்று அறிவித்தது. நெற்சூடு முழுவதும் முளைத்துப் பச்சையாகிவிட்டமையால், அது பாரம்பரிய நெற்சூடு என்னும் தகுதியை இழந்தது. ஆகவே வேலியும் காவலும் அகற்றப்பட்டு, சூடு உரியவரிடம் மீள ஒப்படைக்கப்படும். சபையின் உதவிப் பணிப்பாளருக்கு, பொதுமக்கள் ஒத்துழைப்பைப் பெற்றமைக்காகப் பதவி உயர்வு வழங்கப்பட்டது.

மற்றப் பாதையில் வெள்ளம் வடிந்ததும் றாஹிலா அவ்வழியாகச் சுற்றிச் சென்று சூட்டைப் பார்த்தார். தங்கராசா தம் மாட்டுப் பட்டியை அதில் மேய விட்டார். அவர்தான் கேட்டார், றாஹிலா மறுக்கவில்லை. நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள், தம் ஆயுளில் முதன்முறையாக, றாஹிலா கல்முனைச் சந்தையில் அரிசி வாங்கினார். அதில் ஒரு பங்கைப் பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுத்தார். எங்கிருந்து வந்த அரிசி என்று பள்ளிவாசலில் ஒருவரும் கேட்கவில்லை.